ஈ ஓட்டின ஞாயிற்றுக்கிழமை

ஆபீஸில் எனக்கு ஈயடிச்சான் காப்பி கைவந்த கலை. பழைய ஃபைலில் ஒரு ஈ செத்து ஒட்டியிருந்தால், புது ஃபைலுக்கும் ஒன்றைத் தேடிப் பிடித்து அடித்து ஒட்டுகிற பரம்பரை நாங்கள். மாசக் கடைசியில் ஈ ஓட்டியும் பழக்கம் உண்டு. இத்தனை சர்வீஸ் போட்டும் ஈயைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது போன மாம்பழ சீஸனில், திண்டிவனத்தில் ஒரு குதிரை லாயத்தில்தான் தெரிந்தது.

விழுப்புரத்தில் ரெண்டு நாள் ஆபீஸ் வேலை. சனிக்கிழமை சாயங்காலமே முடிந்துவிட்டது. "ஜங்ஷன்ல போய் ரயிலைப் பிடிச்சு வீட்டுக்குப் போய் என்ன கிழிக்கப் போறே? செஞ்சியைப் பாத்துட்டு, திண்டிவனம் வழியாப் போயேன்" என்றார் உள்ளூர் நண்பர். ஞாயிறு காலை பஸ் ஏறினேன். கையில் அவர் வீட்டு எலுமிச்சை சாதப் பொட்டலம்.

செஞ்சிக் கோட்டையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூணு மலை. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக்காரர் இவர் ஒருத்தர்தான். ராஜகிரி ஏற ஆரம்பித்தபோது உற்சாகமாக இருந்தேன். பாதியில் முழங்கால் ஆட்சேபம் தெரிவித்ததால் கீழே இறங்கிவிட்டேன்.

கீழேதான் கல்யாண மஹால். அதைச் சுற்றி வளைவு வைத்த அறைகள் வரிசை வரிசையாகப் போகின்றன. குதிரை லாயம் என்று காட்டுகிறார்கள். நிழலாக இருந்ததே என்று ஒரு வளைவின் ஓரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். பிரித்த மறுவிநாடி முதல் ஈ. அதற்கடுத்த நிமிஷம் குரங்கு. பொட்டலம் குரங்கோடு போயிற்று. ஈ மட்டும் என்னோடு இருந்தது.

பசியில் வந்த யோசனைதான். தேசிங்கு ராஜாவின் பாராசாரிக் குதிரையைப் பற்றிக் கதைப்பாட்டு இருக்கிறது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த படம் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714-ல் தேசிங்கு செத்தபோது வயசு இருபதை ஒட்டித்தான். எல்லாம் சரி, அந்தப் பாராசாரி போட்ட லத்தியை அள்ளியது யார்? அதற்கு முன்னால் 1690-லிருந்து 1698 வரை ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் இந்த மலைகளைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறார். ஒரு குதிரை ஒரு நாளைக்குப் போடுவது 15 கிலோவுக்குக் குறையாது. ஒரு படைக்கு, எட்டு வருஷத்துக்கு? கால்குலேட்டரை எடுத்தேன், உடனே பையில் வைத்துவிட்டேன்.

நண்பருக்கு போன் போட்டுக் கேட்டேன். சிரித்தார். "திண்டிவனத்துல ஒரு பாய் இருக்கார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடறவர். எங்க மச்சான் கல்யாணத்துக்கு அவரோடதுதான். அவரைப் போய்க் கேளு" என்று வழி சொன்னார்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஊர் எல்லையில் இறங்கி, ஒரு சந்துக்குள் நுழைந்து, கர்சீப்பை மூக்கருகில் தயாராக வைத்துக்கொண்டு போனேன். அவசியப்படவில்லை. தகரக் கூரை, காய்ந்த தரை, வெள்ளைக் குதிரை ஒன்று, செம்பழுப்பு ஒன்று. மூலையில் ஒரு பெரிய டேபிள் ஃபேன் குதிரைகளைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. என் ஆபீஸில் கூட எனக்கென்று தனி ஃபேன் கிடையாது.

"ஈயே காணோமே பாய்?"

"கீது சார். நாலு கீது. நாப்பதாயிரம் இருந்த எடம் இது" என்றவர் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

ரெண்டு வருஷம் முன்னால் பாய் வழுக்கி விழுந்து கை உடைந்திருக்கிறது. ஆறு வாரம் கட்டு. லாயப் பொறுப்பு பேரனுக்கு வந்தது. பேரன் காலேஜ் பையன். லத்தியை அள்ளிப் பின்சுவர் மூலையில் குவித்ததோடு கடமை முடிந்தது. ஈ வந்தது. கடையில் மருந்து வாங்கி அடித்தான். ரெண்டு நாள் சுவரெல்லாம் சுத்தம். மூணாம் நாள் முன்னைவிட ஜாஸ்தி.

"அந்த வெள்ளைக்குக் கண்ணோரமா புண்ணு. செவலை நிக்கவே மாட்டேங்குது, தரையை ஒதைச்சிகினே கெடக்குது. ராவெல்லாம் டொக்கு டொக்குன்னு சத்தம்."

அப்படி உதைக்க வைப்பது வேறு ஜாதி. பார்க்க நம் வீட்டு ஈ மாதிரியே இருக்கும். ஆனால் வாயில் ஊசி. குதிரையின் முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். ஆண், பெண் ரெண்டுமே குடிக்கும்.

குதிரை உதைத்தால் பொறுத்துக்கொள்ளலாம். தெரு உதைத்தால்? எதிரில் ஒரு அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். இட்லிமேல் ஈ மொய்த்து, கஸ்டமர் எல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். கடைக்கார அம்மா தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி மனு கொடுத்துவிட்டார். ஆள் வந்து பார்த்து, பதினைந்து நாளில் சரிசெய். இல்லையென்றால் குதிரையை ஊரை விட்டு வெளியே கொண்டுபோ என்று சொல்லிவிட்டுப் போனாராம். மறுநாளே ஒரு தரகர் வந்து செவலைக்கு அடிமாட்டு விலை சொல்லியிருக்கிறார்.

"எங்க வாப்பா ஜட்கா ஓட்டின காலத்துலேர்ந்து குதிரை இல்லாத நாளே இல்ல சார் இந்த வூட்ல. அன்னிக்கி ராத்திரி சோறு எறங்கல."

விடிந்ததும் கட்டுப் போட்ட கையோடு அந்தக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறார். உள்ளே அரிசி அரிசியாக வெள்ளைப் புழு. ஓரத்தில் காய்ந்த இடத்தில், புளியங்கொட்டை நிறத்தில் சின்னச் சின்னக் கூடுகள். (புளியங்காடு என்பதால்தான் இந்த ஊருக்கே திண்டிவனம் என்று பேர்.) பேரன் மருந்தடித்தது பறக்கிற ஈக்கு. பிறக்கப் போகிற ஈ பத்திரமாக மூலையில் வளர்ந்துகொண்டிருந்தது. மருந்துக்குத் தப்பிப் பழகுவதில் ஈ பலே கெட்டி, டி.டி.டி. புழக்கத்துக்கு வந்த சூட்டோடு, 1946-47 வாக்கிலேயே ஸ்வீடனிலும் இத்தாலியிலும் அதற்கு அசையாத ஈக்கள் கிளம்பிவிட்டன.

வெட்னரி டாக்டரைக் கேட்டிருக்கிறார். அவர் சொன்ன கணக்கு இது: வீட்டு ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். ஒரே நாளில் புழு. நம் ஊர் வெயிலுக்கு ஏழிலிருந்து பத்து நாளில் றெக்கை முளைத்த ஈ. அதாவது, நம்ம பத்திரிகை மாதிரி வாராவாரம் ஒரு இதழ்! அச்சாகி வெளியே வந்தபிறகு துரத்திப் பிரயோஜனமில்லை. பிரஸ்ஸையே மூடவேண்டும்.

மூடினார் பாய். தினம் ரெண்டு வேளை லத்தி அள்ளுவது. மூத்திரம் ஊறின வைக்கோலை அன்றன்றே எடுப்பது. கடிக்கிற ஈக்கு அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி. தண்ணீர்த் தொட்டி ஒழுகாமல் அடைத்தது. சிந்தின ஊறவைத்த கொள்ளைக் கூட்டியெடுப்பது. வெயில் நாளில் லத்தியை மெல்லிசாகப் பரப்பிக் காய வைத்துவிடுகிறார். ஈரமில்லாவிட்டால் புழு பிழைக்காது. மழை நாளில், லாயத்திலிருந்து தள்ளி, குழியில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரமெல்லாம் மண் அணைக்கிறார்.

"கைய வைங்க" என்று குவியலில் செருகியிருந்த கம்பியை உருவி நீட்டினார். வைத்தேன். காப்பி டம்ளர் மாதிரி சுட்டது. உள்ளே அந்தச் சூட்டில் புழு வேகும். சூடு தாங்காமல் ஓரத்துக்கு ஓடுவதை அடிக்கடி புரட்டி நடுவில் தள்ள வேண்டும். மக்கினதும் கத்திரித் தோட்டக்காரர் வந்து மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்.

மிச்சமெல்லாம் சில்லறை வேலை. ஈ பலமான காற்றில் பறக்கத் திணறும், அதற்குத்தான் ஃபேன். வெல்லத் தண்ணி ஊற்றின பாட்டில் பொறியை லாயத்துக்குள் வைக்காமல் தூரத்தில் கட்டியிருக்கிறார். "உள்ள கட்னா பந்திக்குக் கூப்புட்ட மாதிரி ஆயிடும்." குதிரையின் நெற்றியில் குஞ்சம் தொங்குகிறதே, அலங்காரம் என்று நினைத்திருந்தேன். தலையை ஆட்டினால் கண்ணோரத்து ஈ ஓடவாம். கல்யாண மாப்பிள்ளைக்குத் தொங்குகிற பூச்சரம் எதை ஓட்ட என்று கேட்கவில்லை. ஒரு கல்யாணப் பார்ட்டி வாலைக் கத்தரித்து ஸ்டைலாக வரச் சொன்னதாம். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதற்கும் மசியாத ஈ ஒன்று உண்டு. பெரிசு, பகலில் வந்து கத்தி போட்ட மாதிரி கடிக்கும். அது பிறப்பது லத்தியில் இல்லை, நீர்க்கரைச் சேற்றில். சர்ரா என்கிற காய்ச்சலை ஒரு மிருகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது இந்த ஜாதிதான். அந்தக் காய்ச்சலின் கிருமியை 1880-ல் பஞ்சாபில் குதிரை, ஒட்டக ரத்தத்தில் கண்டுபிடித்தவர் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவ மிருக வைத்தியர். பாய்க்கு எவன்ஸ் தெரியாது. ஆனால் பல வருஷம் முன்னால் ஒரு பெண் குதிரை காய்ச்சலில் எலும்பும் தோலுமாகிச் செத்தது. அதிலிருந்து வெயில் நேரத்தில் ஏரிப் பக்கம் மேய விடுவதே இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் வெள்ளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பதினஞ்சு நாள் கெடு என்னாச்சு பாய்?"

"பத்தாம் நாளே கொறைஞ்சிடுச்சு. மனு குடுத்த அம்மாவையே போய்க் கேளுங்க."

போனேன். பசி வேறு. நாலு இட்லி, கெட்டிச் சட்னி. இலையில் ஒரு ஈ கூட உட்காரவில்லை. கண்ணாடிப் பெட்டிமேல் மட்டும் ரெண்டு திரிந்துகொண்டிருந்தன. நான் திரும்பி லாயத்தைப் பார்த்தேன். அந்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது பாய் வூட்டுது இல்ல சார்! அதோ நிக்குது பார், மாம்பழ வண்டி, அதுலேர்ந்து வந்தது!" என்றவர், கரண்டியும் கையுமாகத் தெருவுக்கு வந்து குரல் கொடுத்தார்: "பாய், மணி நாலாவுது! சாயந்திர லத்தி அள்ளலியா?"

"தோ, வந்துட்டேன்மா" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.