திரும்பி வருவதற்கான சான்று

கொற்கைக்கு இன்று போகிறவர்கள் கடலைத் தேடி ஏமாறுவார்கள். பாண்டியரின் துறைமுகமாக இருந்து முத்துக்குப் பெயர்பெற்ற அவ்வூர், தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கரையை இழந்தது. இப்போது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. கடல் விலகியபின் வாணிகம் காயலுக்குப் போயிற்று, பிறகு தூத்துக்குடிக்கு. ஆட்களும் அதன் பின்னே போனார்கள். கொழும்புக்கும் பினாங்குக்கும், பின்னாளில் வளைகுடாவுக்கும் ஆளனுப்பாத வீடு எங்கள் பக்கத்தில் அரிது. ஆகவே போவதைப் பற்றி எங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், திரும்பி வருவோம் என்பதைச் சான்றுகளோடு நிறுவவேண்டிய நிலை ஒன்று வந்திருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுத நினைத்தோம்.

எங்கள் வீட்டில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. முதல் கோப்பு 2008இல் தொடங்கியது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட எங்கள் மகளின் தாய்மாமன், தம் தங்கையைக் குடும்பத்தோடு அழைத்துக்கொள்வதற்காக ஐ-130 என்னும் மனுவை அந்த ஆண்டில் அளித்தார். அப்போது மகளுக்கு வயது 5. "புள்ள அங்க வந்து படிக்கட்டும்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். இரண்டாவது கோப்பு இந்த ஆண்டில் தொடங்கியது. முதுகலைப் படிப்புக்கு அங்கே இடம் கிடைத்து, பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவத்தோடு அவள் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கிறாள். இப்போது அவளுக்கு 22.

இந்த இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றையொன்று மறுத்துப் பேசுகிறவை. முதல் கோப்பு, இக்குடும்பம் அங்கே குடியேற விரும்புகிறது என்கிறது. இரண்டாவது கோப்பு, இக்குடும்பத்தின் பெண் படித்து முடித்தவுடன் இங்கே திரும்பிவிடுவாள் என்கிறது.

அமெரிக்கச் சட்டம் உடன்பிறந்தோருக்கு ஆண்டொன்றுக்கு 65,000 விசாக்களை ஒதுக்குகிறது. உலகம் முழுமைக்கும் அவ்வளவுதான். அதற்கு மேல், எந்த நாட்டுக்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மிகாமல் என்றொரு வரம்பும் உண்டு. ஆகவே வரிசை நீள்கிறது. 2025ஆம் ஆண்டு முழுவதும் வெளியான விசா அட்டவணைகளில், இந்தியாவுக்கான இப்பிரிவு 2006இல் அளிக்கப்பட்ட மனுக்களிலேயே நின்றுகொண்டிருந்தது. எங்கள் முறை வரும்போது திருமணமாகாத, 21 வயது நிறையாத பிள்ளைகளே எங்களோடு வரலாம். மனு அலுவலகத்தில் பரிசீலனையில் கிடந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ள 2002இல் வந்த ஒரு சட்டம் இடமளிக்கிறது. எங்கள் மனு 2011இல் ஏற்கப்பட்டதால் அந்த மூன்றாண்டுகளைக் கழித்தாலும், அவளுக்கு 24 நிறைவதற்குள் வரிசை 2008ஐ எட்டும் என்று நம்ப இடமில்லை. அவளுக்காகத் தொடங்கிய கோப்பு அவளை விட்டுவிட்டு, அறுபதை நெருங்கும் எங்கள் இருவரை மட்டும் ஒருநாள் கூப்பிடப்போகிறது.

மாணவர் விசாவின் விதி வேறு. 1952ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் குடியேற வந்தவர் என்றே முதலில் கருதச் சொல்கிறது. இல்லை என்று நிறுவும் சுமை விண்ணப்பதாரருடையது. 214(பி) என்று நம் இளைஞர்கள் அச்சத்தோடு உச்சரிக்கும் பிரிவு அதுதான். மாணவராக வருகிறவருக்குத் தம் நாட்டில் ஒரு வீடு இருக்கவேண்டும், அதைக் கைவிடும் எண்ணம் அவருக்கு இருக்கக்கூடாது. உறவினர் மனுப் போட்டிருக்கிறார் என்பது மட்டுமே விசாவை மறுக்கப் போதுமானதன்று. சென்னை அண்ணா மேம்பாலத்தை அடுத்த தூதரகத்தில், கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் அதிகாரியின் மனம் நிறைவடைய வேண்டும். அதற்கு அவர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சில நிமிடங்களே.

டி.எஸ்-160 படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: உங்கள் சார்பில் எவரேனும் குடியேற்ற மனு அளித்திருக்கிறார்களா? நாங்கள் அணுகிய ஆலோசகர் ஒருவர், "இல்லைன்னு போடுங்க சார், மனு அம்மா பேருலதானே இருக்கு" என்றார். சொல்லளவில் அதற்கு ஒரு நியாயம் கற்பிக்கலாம். ஆனால் அம்மனுவில் பிள்ளைகளின் பெயரை எழுதும் கட்டத்தில் அவள் பெயர் 2008இலேயே எழுதப்பட்டுவிட்டது. உண்மையை மறைத்து விசா பெற முயன்றதாகத் தெரிந்தால், விலக்களிக்கப்பட்டாலன்றி வாழ்நாள் முழுமைக்கும் அந்நாட்டுக் கதவு மூடப்படும். அச்சம் ஒருபுறமிருக்க, மகளே அதற்கு ஒப்பவில்லை. "மாமா போட்ட மனுவுல எம் பேரும் இருக்குல்லா? பெறகு எப்படி இல்லைன்னு எழுத?" என்றாள். ஆம் என்று எழுதி, கீழே இரண்டு வரியில் விளக்கமும் சேர்த்தோம்.

பிறகு, திரும்பி வருவாள் என்பதற்கான சான்றுகளைத் திரட்டத் தொடங்கினோம். கல்விக்கடன் ஒப்புதல், வருமானவரிக் கணக்கு, சொத்து மதிப்புக்கு ஆடிட்டரின் சான்றிதழ், வீட்டுப் பத்திரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி ஏரல் வட்டாரமே மூழ்கியபோது எங்கள் வீட்டிலும் நீர் புகுந்தது. அன்று நனைந்து, பிறகு வெயிலில் உலர்த்தி எடுத்த காகிதங்களுள் வீட்டுப் பத்திரமும் ஒன்று. அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு காகிதமும் இருந்தது. அது இலங்கைக் குடியுரிமை கேட்டுத் தாத்தா செய்த விண்ணப்பம் மறுக்கப்பட்ட கடிதம்.

தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். அங்கே சம்பாதித்த பணத்தில் இங்கே கட்டியதுதான் இந்த வீடு. ஆச்சி பிரசவத்துக்கு வந்தவர், கைக்குழந்தையோடு இங்கேயே தங்கிவிட்டார். 1948இல் இலங்கை விடுதலை பெற்று, அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் இந்தியத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. விண்ணப்பித்துப் பெறுவதற்கென்று 1949இல் வேறொரு சட்டம் வந்தது. அதன்படி, மணமானவர் 1946க்கு முன்னரே தொடர்ந்து 7 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்கவேண்டும். அவருடைய மனைவியும் சிறுபிள்ளைகளும்கூட இடையறாது அங்கே வாழ்ந்திருக்கவேண்டும். எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். மனைவியும் பிள்ளையும் வீடும் தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஒருவரின் மனமும் அங்கேதான் இருக்கும் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். தாத்தா தற்காலிக வதிவிட அனுமதியில் சில ஆண்டுகளை ஓட்டிவிட்டு, 1962இல் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடி வழியாக ஊர் வந்து சேர்ந்தார்.

இரு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எங்களுக்குத் தோன்றியது இதுதான். ஒருவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை எந்த அரசாலும் பார்க்கமுடியாது. எனவே அவருடைய குடும்பம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. குடும்பம் ஊரில் இருந்ததால் தாத்தாவை உன் நாட்டுக்குப் போ என்றது ஓர் அரசு. குடும்பம் ஊரில் இருப்பதால் பேத்தியை, சரி வா என்று இன்னோர் அரசு சொல்லக்கூடும். அதே வீடு, அதே பத்திரம். அன்று அவருக்கு எதிரான சாட்சி, இன்று அவளுக்குச் சாதகமான சாட்சி. தாத்தா கொழும்பிலேயே இருந்துவிட விரும்பினாரா, ஊருக்கு வர விரும்பினாரா என்று எவரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டையும் விரும்பினார் என்றே வீட்டில் சொல்வார்கள்.

இரண்டையும் விரும்புவது மனித இயல்பு என்பதைச் சில சட்டங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதே தற்காலிகமாக வருவதற்குத் தடையாகாது, அனுமதித்த காலம் முடிந்தால் வெளியேறுவார் என்று அதிகாரி நம்பினால் போதும் என்று கனடாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. தற்காலிகமாகத் தங்கவே வருகிறேன் என்று மாணவர்கள் காட்டவேண்டியிருந்த நிபந்தனையை ஆஸ்திரேலியா 2024 மார்ச்சில் மாற்றி, உண்மையான மாணவர்தானா என்பதை மட்டும் கேட்கத் தொடங்கியது. அமெரிக்காவும் எச்-1பி விசாவில் வேலைக்கு வருகிறவருக்கு இந்த இரட்டை எண்ணத்தை 1990 முதல் அனுமதிக்கிறது. மாணவருக்கு மட்டும் இல்லை. ஒரே ஆள், படிக்கும்போது திரும்பும் எண்ணத்தோடும், வேலைக்குச் சேர்ந்தபின் தங்கும் எண்ணத்தோடும் இருக்கலாம் என்று சட்டம் கொள்கிறது போலும்.

எங்களுக்கு உண்மையில் கடினமாக இருப்பது வேறொன்று. அவள் திரும்புவாள் என்பதற்குச் சான்று நாங்கள்தாம். எங்கள் முறை வந்து நாங்களும் போய்விட்டால் அச்சான்று கலைந்துவிடும். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் அங்க வந்துட்டீங்கன்னா, நான் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவேன்னு சொல்ல?" விசா அதிகாரிக்கான கேள்வியாகத்தான் அதைக் கேட்டாள். எங்களுக்கு அது அப்படி ஒலிக்கவில்லை.

மனுவைத் திரும்பப் பெறச் சொல்லலாமா என்று யோசித்தோம். தங்கைக்காகப் பதினேழு ஆண்டுகளாகக் காத்திருக்கும் அண்ணனிடம் அதை எப்படிச் சொல்வது? தவிரவும், அவள் அங்கேயே ஒருவரை மணந்து தங்கிவிட்டால், பேரப்பிள்ளையைப் பார்க்க எங்களுக்கும் ஒரு வழி வேண்டாமா? இந்த வரியை எழுதும்போதே, 214(பி) எங்களைப் பற்றிக் கொண்டிருக்கும் ஐயம் முற்றிலும் தவறானதன்று என்பதும் புரிகிறது. ஆனால் அவள் இங்கு திரும்பி வரவேண்டும் என்று நாங்கள் விரும்புவதும் அதே அளவு உண்மை. மனுவை அப்படியே விட்டுவைத்தோம். வீட்டை மட்டும் எக்காரணத்துக்காகவும் விற்பதில்லை, அவளுடைய கட்டணத்துக்காகவும்கூட விற்பதில்லை என்று முடிவு செய்து, கடனை எடுத்தோம்.

நேர்காணல் அடுத்த மாதம். படித்து முடித்ததும் என்ன செய்வாய் என்று கேட்டால், இன்றைக்கு அவள் மனத்தில் இருப்பதைச் சொல்லும்படி கூறியிருக்கிறோம். தூத்துக்குடித் துறைமுகத்தைச் சார்ந்த வேலை ஒன்றே இன்று அவள் மனத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் ஒருவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது அவ்வளவுதான்.