அம்மா சொன்ன அமாவாசை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

என் அன்னை எழுதப் படிக்க அறியாதவர். விடியற்காலை 4 மணிக்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றுத்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்புகிறார். அவர் மீன் எடுக்கும் வியாபாரியிடம் கணக்கு நிரல் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தபோது வீட்டில் பாயசம் வைத்தோம்!

நிரல் ஓடத் தொடங்கிய வாரமே வம்பு வந்தது. 2025 ஜனவரி 29 அன்று அம்மா ரூ. 1,850-க்கு மீன் எடுத்ததாகப் பட்டியல் சொன்னது. 30-ஆம் தேதி வெறுமையாக இருந்ததால், கணக்குப்பிள்ளை தம் நோட்டைப் பார்த்து அங்கும் ரூ. 1,850 சேர்த்துவிட்டார்.

"தை அமாவாசையும் அதுவுமா நான் மீனைத் தொடுவேனாடா?" என்றார் அம்மா.

"மறந்திருப்பம்மா, கம்ப்யூட்டர் தப்பா சொல்லாது" என்றேன். அந்தச் சொல் இன்றும் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகிறது.

இரவெல்லாம் விழித்துத் தேடினேன். பிழை என்னுடையதே. தரவுத்தளம் நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்திருந்தது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். நம் 30-ஆம் தேதி காலை 4 மணி அங்கே 29-ஆம் தேதி இரவு 10.30. நானோ நேரத்தை வெட்டிவிட்டு வெறும் தேதியாக மாற்றி ஒப்பிட்டிருந்தேன். விடியல் வியாபாரம் முழுவதும் முந்தைய நாளில் விழுந்தது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அம்மா கூடை தூக்காத நாள். ஆகவே 30-இல் ஒன்றுமேயில்லை.

நம் ஊருக்கே இரண்டு தேதிகள் உண்டல்லவா? ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்டு 16. எந்தக் கணக்கில் கேட்கிறோம் என்பதைக் கேட்பவன்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

திருத்தம் நான்கே வரிகள். பதிவான நேரத்தைத் தொடாமல், கேள்வியின் இரு எல்லைகளை மட்டும் மாற்றினேன்: இந்திய நேரப்படி 30-ஆம் தேதி 0 மணி முதல், 31-ஆம் தேதி 0 மணிக்கு முன்புவரை. ஒவ்வொரு வரியையும் மாற்றிப் பார்க்கும் வேலை நின்றதால், அந்தப் பத்திக்கு நான் அமைத்திருந்த அட்டவணைக் குறியீடும் பயன்பட்டது. பட்டியல் முன்னிலும் விரைவாக வந்தது. (எங்கள் ஆய்வகத் தேர்வில் இதைக் கேட்டால் நான் தப்பித்தேன்!)

வியாபாரி இரண்டாவது ரூ. 1,850-ஐக் கழித்துவிட்டார். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பொட்டியில அமாவாசையையும் எழுதி வையேன்" என்றார்.