முகத்தில் ஒரு மில்லி

செங்கோட்டையில் மர அறுவை மில்கள் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தால் மூக்குதான் முதலில் வழி சொல்லும். தேக்குக்கு ஒரு வாசனை, வேங்கைக்கு ஒரு வாசனை. மேற்குத் தொடர்ச்சி மலையடியில், கேரளத்தின் விளிம்பில் இருக்கும் ஊர். முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. வீடு கட்டுகிறவர்கள் நிலைக்கும் கதவுக்கும் மரம் பார்க்க வெளியூர்களிலிருந்து இங்கே வருவார்கள். வந்தவர் கதவையும் இங்கேயே செய்து வாங்கிப் போகட்டுமே என்று மில்களை ஒட்டித் தச்சுப் பட்டறைகள் உண்டாயின. இன்று அந்தப் பட்டறைகளில் சிலவற்றில் கணினி சொல்படி மரம் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் ஓடுகிறது.

கதவுச் சிற்பம் இயந்திரத்துக்குப் போனபின் என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் போனேன். பட்டறைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. அவருக்கு என் கட்டுரையில் அவ்வளவு நாட்டமில்லை. "அதெல்லாம் எழுதிக்கிடுங்க. மொதல்ல எந்த சாப்ட்வேர் வாங்கலாம்னு சொல்லுங்க. மெஷினுக்கு எடுத்த லோனே இன்னும் ஓடுது" என்றார். வடிவமைப்பு மென்பொருள்களோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் பேச்சு மென்பொருளிலேயே நின்றுவிட்டது. இந்தத் தொழிலின் உயிர்நாடியும் இப்போது அங்கேதான் இருக்கிறது என்பது போகப் போகத் தெரிந்தது.

எட்டுக்கு நாலு அடி மேசை. அதன் மேல் வெட்டும் பிட்டைச் சுழற்றியபடி குறுக்கும் நெடுக்கும் ஓடும் ஸ்பிண்டில். பக்கத்தில் டிவி ரிமோட் மாதிரி ஒரு டிஎஸ்பி பெட்டி. பிட் போக வேண்டிய பாதையைச் சொல்லும் ஜி-கோடைப் பென் டிரைவில் கொண்டுவந்தால் அதுதான் படித்து ஓட்டுகிறது. கணினியில் உட்காருவது அண்ணாச்சியின் தங்கை மகள், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தவள். மூலையில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு வயதான ஆசாரி. இயந்திரம் செதுக்கிப் போட்டதை உளியால் திருத்துவது அவர் வேலை. நாற்பது வருஷம் கையாலேயே கஜலட்சுமி செதுக்கியவர்.

"என்னென்ன வேலை வருது?" என்றேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் மென்பொருள் பற்றிப் பேசுவது வீண். தலைவாசல் கதவு, பூஜையறைக் கதவு என்று பெருமையோடு ஆரம்பித்தார். நோட்டைப் புரட்டச் சொன்னேன். பக்கத்துக்குப் பக்கம் மல்டிவுட் பலகையில் ஜாலி வெட்டுவது, பெயர்ப்பலகை, அலமாரிக்குப் பள்ளம் எடுப்பது, நிலையில் கொடி ஓட்டுவது. சாமி உருவம் வரும் கதவு இடையிடையேதான். ஆனால் இயந்திரத்தின் நேரத்தைத் தின்பது அதுதான்.

எவ்வளவு தின்னும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 600 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு கஜலட்சுமி. முதலில் தடித்த பிட்டால் ரஃபிங் எடுத்துவிட்டு, பிறகு நுனி உருண்ட கூம்புப் பிட் வரி வரியாக உழுகிறது. வரிக்கும் வரிக்கும் 0.3 மில்லி இடைவெளி என்றால் 2,000 வரிகள். ஒவ்வொன்றும் 600 மில்லி. மொத்தம் 1,200 மீட்டர். நிமிஷத்துக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓட்டினால் 400 நிமிஷம், ஆறே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. இடைவெளியை 0.5 ஆக்கினால் நான்கு மணி நேரத்தில் முடியும்; உப்புத்தாள் போடும் ஆளுக்கு வேலை கூடும். இந்த இடைவெளியைத் தீர்மானிப்பது மென்பொருளின் விலை அல்ல, கணினியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் விரல்தான். லட்சம் ரூபாய் மென்பொருளும் இதே 1,200 மீட்டரைத்தான் ஓட்டச் சொல்லும்.

இப்போது அவள் ஓட்டுவது பூட்டுடைத்த ஒரு பழைய மென்பொருள். இயந்திரத்தோடு சேர்த்து வந்த பென் டிரைவில், ஆயிரக்கணக்கான டிசைன்களோடு இருந்ததாம். இதைத் திருட்டு என்று அவர்கள் நினைத்ததில்லை. ஸ்பேனர் செட் வருவதுபோல வந்தது, அவ்வளவுதான். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு அப்படிப் பார்ப்பதில்லை. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். அண்ணாச்சியை உறுத்தியது அதுகூட இல்லை. பூட்டுடைக்கும் நிரலுக்காக வைரஸ் தடுப்பை அணைத்து வைக்க வேண்டியிருக்கிறது. அதே கணினியில்தான் ஜிஎஸ்டி கணக்கும் வங்கி வேலையும். ஒருநாள் எல்லாம் போனால் என்ன செய்வது என்கிறார். நியாயமான பயம்.

சரி, காசு கொடுத்தே வாங்குவதானால் எதை? மரவேலைப் பட்டறைகளில் பழகிய பெயர் ஆர்ட்கேம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டெல்காம் செய்தது. 2014-இல் டெல்காமை ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2018-இல் ஆர்ட்கேம் விற்பனையை நிறுத்தியது. ஆக, மனசாட்சிக்குப் பயந்து காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் அந்தப் பெயரில் இன்று வாங்க முடியாது. அதன் வாரிசாக வந்தது கார்வெகோ. சந்தா கட்டி ஓட்டலாம், பழைய கைப்பழக்கம் அப்படியே உதவும். டெல்காமிலிருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கிய இன்னொன்று வெக்ட்ரிக். அதில் வீகார்வ், ஆஸ்பையர் என்று படிப்படியாக இருக்கிறது. ஒருமுறை பணம் கட்டினால் வாங்கிய பதிப்பு நமக்கே. வேலை குறைந்த மாதத்திலும் சந்தா நிற்காது என்பதால், ஆடி மாதம் வந்தால் கதவு ஆர்டர் படுத்துவிடும் இந்தத் தொழிலுக்கு ஒருமுறைப் பணமே மேல் என்பது என் கட்சி.

"ஃப்ரீயா எதும் கெடையாதா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆட்டோடெஸ்க்கின் ஃபியூஷன் சொந்த உபயோகத்துக்கு இலவசம்தான். ஆனால் அந்த உரிமம் வியாபாரத்துக்கு இல்லை. 2020-இல் அதில் பிட் தூக்கி இடம் மாறும் வேகத்தையும் வெட்டும் வேகத்துக்கே குறைத்துவிட்டார்கள். நூறு ஓட்டை உள்ள ஜாலியில் ஒவ்வொரு ஓட்டைக்கும் தூக்கி நகர வேண்டும். அங்கே நேரம் கொள்ளை போகும். ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கும் வியாபாரத்துக்கு ஆகாது. அதில் வரைவது உலகுக்கே திறந்து கிடக்கும்.

கட்டற்ற மென்பொருள் என்றால் ஃப்ரீகேட். 2024 நவம்பரில்தான் அதன் 1.0 பதிப்பு வந்தது. ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல். வியாபாரத்துக்கும் தடையில்லை. அலமாரிப் பலகை, துளை, பள்ளம், சுற்று வெட்டு இதற்கெல்லாம் நன்றாகவே போதும். ஜி-கோடும் அதிலேயே எடுக்கலாம். ஆனால் அதில் போய் கஜலட்சுமியின் யானைத் துதிக்கையை உருட்ட முடியாது. உருட்ட வேண்டுமானால் பிளெண்டர் இருக்கிறது, அதுவும் இலவசம். களிமண்ணைப் பிசைவதுபோல உருவத்தைத் திரையில் பிசையலாம். ஆனால் அதைக் கற்க மாசக்கணக்கில் உட்கார வேண்டும். அந்தப் பெண்ணின் மாசச் சம்பளத்தையும் விலையில் சேர்த்துத்தான் 'இலவசம்' என்று சொல்ல வேண்டும்.

ஒரு கட்டற்ற மென்பொருளை மட்டும் யோசிக்காமல் இறக்கச் சொன்னேன்: இங்க்ஸ்கேப். காரணம் தமிழ். பெயர்ப்பலகைக்கு வாடிக்கையாளர் வாட்ஸப்பில் பெயரை அனுப்புகிறார். அதை ஒட்டினால் அந்தப் பழைய மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். 'சோலை' என்பது கலைந்து கிடக்கும். அதனால் அந்தப் பெண் எல்லாப் பெயரையும் பாமினி எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்கிறாள். பாமினியில் ஒவ்வொரு வடிவமும் தனித்தனி எழுத்தாகவே இருப்பதால் கலையாது. ஆனால் தட்டச்சில் ஒரு 'ண' மாறினால் தேக்குப் பலகை வீண். இங்க்ஸ்கேப்பில் ஒட்டினால் யூனிகோட் தமிழ் ஒழுங்காக நிற்கும். எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி எஸ்விஜி கோப்பாக எடுத்துவிட்டால், எஸ்விஜியைத் திறக்கத் தெரிந்த எந்த வெட்டு மென்பொருளும் அதை வெறும் கோடாகத்தான் பார்க்கும். அவள் அங்கேயே இறக்கிச் செய்து பார்த்தாள். 'சோலை' சோலையாகவே வந்தது. அன்றைய தினம் என்னால் அந்தப் பட்டறைக்கு விளைந்த நிச்சயமான நன்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

பெரிய கேள்வி பாக்கி. வெக்ட்ரிக்கில் எதை வாங்குவது? வீகார்வ் டெஸ்க்டாப் விலை குறைவு, ஆனால் 25-க்கு 25 அங்குலத்துக்குள்தான் வேலை. ஏழடிக் கதவுக்கு அது உதவாது; ஒரு பலகையில் துண்டுகளை நெருக்கி அடுக்கி மிச்சம் பிடிக்கும் வசதியும் அதில் இல்லை. வீகார்வ் ப்ரோவில் இரண்டும் உண்டு. நான் பார்த்தபோது ஏறத்தாழ 700 டாலர். ஆஸ்பையர் 2,000 டாலரை ஒட்டி, நம் பணத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். வித்தியாசம் இதுதான்: வேறெங்கோ செய்த உருவத்தை எஸ்டிஎல் என்ற முப்பரிமாணக் கோப்பாக ப்ரோவில் கொண்டுவந்து வெட்டலாம், உருவத்தையே புதிதாய் எழுப்பவும் திருத்தவும் ஆஸ்பையர் வேண்டும்.

பென் டிரைவில் ஆயிரக்கணக்கில் உருவம் கிடக்கும்போது திருத்துவானேன் என்று தோன்றும். ஆசாரி அதற்குத்தான் காத்திருந்ததுபோல எழுந்து வந்தார். சுவரில் சாய்த்திருந்த கதவைக் காட்டி, "இந்த லட்சுமி இந்த ஊர்ல எத்தன வீட்டுல இருக்கா தெரியுமா? எல்லாம் ஒரே மொகம்" என்றார். உண்மைதான். வடக்கே யாரோ செய்த கோப்பு ஊர் ஊராய்ப் போய், ஒரே கன்னம், ஒரே மூக்கு. பலவும் படத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் ஆழமாக மாற்றி எடுத்தவை. நெற்றிப் பொட்டு கறுப்பாக இருந்ததால் அங்கே குழி விழுந்த ஒரு அம்மனையும் காட்டினார். இயந்திரம் மரத்தின் ரேகை பார்ப்பதில்லை என்பது அவருடைய அடுத்த புகார். மூக்கு நுனியில் ரேகை குறுக்கே ஓடினால் பிட் பட்டதும் சிலும்பு பிய்ந்து போகும்.

"மொகத்துல ஒரு மில்லி விட்டு வைக்கச் சொல்லுங்க. கண்ணு, மூக்கு, உதடு நான் எடுத்துக்கிடுவேன். மத்ததெல்லாம் மெஷினே உழட்டும்."

"ஒரு எடத்துல மட்டும் விட முடியாது தாத்தா, விட்டா மொத்தமா விடும்" என்றாள் அவள். தான் ஓட்டும் மென்பொருளில் அவளுக்குத் தெரிந்த வரை அப்படித்தான்.

இதற்கு ஆஸ்பையர் வேண்டும் என்பதுதான் சுலபமான பதில். முகத்தை மட்டும் திரையில் உயர்த்திவிடலாம். ஆனால் உட்கார்ந்து யோசித்தால் வேண்டியதில்லை. முகத்தைச் சுற்றி ஒரு கோடு வரைய வேண்டும். கோட்டுக்கு வெளியே உள்ளதை ஒரு கோப்பாகவும் உள்ளே உள்ளதை இன்னொரு கோப்பாகவும் எடுக்க வேண்டும். வெளிக்கோப்பை வழக்கம்போல ஓட்டிவிட்டு, உள்கோப்பை ஓட்டும்முன் டிஎஸ்பி பெட்டியில், ஆழம் அளக்கத் தொடங்கும் இசட் பூஜ்யத்தை ஒரு மில்லி மேலே தூக்கி வைத்தால் போதும். முகம் மட்டும் ஒரு மில்லி தடிமனாக நிற்கும். கோட்டுக்குள் மட்டும் வெட்டும் வசதி ப்ரோவிலேயே இருக்கிறது. அவள் தன்னிடம் இருந்த மென்பொருளில் தேடினாள், அதிலும் இருந்தது. இத்தனை நாளும் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

ஒரு பழைய பலகையில் ஓட்டிப் பார்த்தோம். முகத்தைச் சுற்றி மெல்லிய படி விழுந்தது. ஆசாரி கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, கோட்டை மயிர் ஓரமாய்க் கொண்டுபோகச் சொன்னார். அங்கே படி இருந்தால் கூந்தல் மடிப்பில் மறைந்துவிடுமாம். அவர் சொன்னதும், எதை வாங்கச் சொல்வது என்ற என் சங்கடம் விலகியது. உருவத்தைத் திருத்த ஆள் பட்டறையிலேயே உளியோடு இருக்கிறார். அந்த வேலைக்காக இன்னொரு லட்சம் கொடுக்க வேண்டியதில்லை, ப்ரோவே போதும். அவர் காலத்துக்குப் பிறகு என்ன என்று அண்ணாச்சி கேட்டார். அப்போது விலை வித்தியாசத்தைக் கட்டி ஆஸ்பையருக்கு மாறிக்கொள்ளலாம் என்றேன். ஆசாரி அதைக் காதில் வாங்காததுபோல் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

பணம் கட்டுமுன் சோதனைப் பதிப்பை இறக்கி, அதோடு வரும் மாதிரிக் கோப்புகளைத் தங்கள் டிஎஸ்பி பெட்டியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நம் வரைபடத்துக்கு அது ஜி-கோடு தராது. ஆனால் பெட்டிக்கு அந்த பாஷை புரிகிறதா, மில்லி அங்குலமாக மாறிப் போகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உரிமம் யார் பெயரில் என்ற பேச்சு கடைசியில்தான் வந்தது. தெரிந்த டீலர் மூலம் போட்டால் கொஞ்சம் குறையும் என்றார் அண்ணாச்சி. அவள் ஒரேயடியாக மறுத்தாள். "டீலர் மெயில் வேண்டாம் மாமா, என் மெயிலும் வேண்டாம். பட்டறைக்குன்னு ஒண்ணு வேணும்." பட்டறைக்கு மெயில் ஏது? அன்று சாயங்காலமே உண்டாக்கினாள். கடவுச்சொல்லை அண்ணாச்சி மரக்கணக்கு நோட்டின் பின்னட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார். அங்கே எழுதக்கூடாது என்று அவள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குத் தென்காசி பஸ் வந்துவிட்டது.