டீ நாலு ரூபாய்

பதினைந்து வருடத்துக்கு மேலாக இணையத்தில் எழுதி வருகிறேன். நாவல் விமர்சனம், தேர்தல் அலசல் என்று ராத்தூக்கம் கெட்டு எழுதியதை இன்று ஈ, காக்கை எட்டிப் பார்ப்பதில்லை. போன தை மாதம் ஒரு கடிதம் வந்தது. 2009-ல் திருநெல்வேலி ஜங்ஷனில் நாலு ரூபாய்க்கு டீ குடித்ததாகப் போகிற போக்கில் எழுதியிருந்தேனாம். அது எந்தக் கடை, கண்ணாடி கிளாஸா, எவர்சில்வர் டம்ளரா என்று கேட்டிருந்தார் ஒருவர். எனக்கே மறந்துபோன வரி.

இந்த மாதிரிச் சில்லறையைத் தேதி போட்டு எழுதிவைக்கிற புத்தி தமிழில் யாரிடம் தொடங்கியது? தேடக் கிளம்பினேன்.

முதலில் கல்வெட்டுத் தொகுதிகள். ராஜாவின் ஆட்சியாண்டு இருக்கிறது, தானம் கொடுத்த நிலத்துக்கு நான்கு எல்லையும் இருக்கிறது; அன்றைக்கு மழை பெய்ததா என்பது இல்லை. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' வயதான காலத்தில் திரும்பிப் பார்த்து எழுதியது. எனக்கு அன்றாடம் எழுதியவர் வேண்டும். சுற்றிச் சுற்றிப் புதுச்சேரியில் போய் நின்றேன்.

ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் பெரம்பூரில் பிறந்து, துய்ப்ளேக்ஸ் பிரெஞ்சு கவர்னராக இருந்தபோது துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், ஆனவர். 1736 செப்டம்பர் 6, நள வருஷம் ஆவணி மாதம் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி 1761 ஜனவரி வரை வந்திருக்கிறார். பெயர் முன்பே தெரியும். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' அந்தக் குறிப்புகளிலிருந்து எழுந்த நாவல்தான். மூலத்தை மட்டும் தொட்டதில்லை.

தொட்டபோது ஏமாற்றம். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், எத்தனை நாழிகைக்குக் கவர்னர் கூப்பிட்டனுப்பினார்... மளிகைக்கடைப் பேரேடு மாதிரி போகிறது. நாற்பது பக்கம் தாண்டியதும் விட முடியவில்லை. 1748-ல் பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததை எழுதும்போதும் அதே பேரேட்டு நடைதான்: யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், வரிசையாக. துய்ப்ளேக்ஸின் மனைவி மேல் இருந்த வெறுப்பை ஒளிக்கவே இல்லை. தற்பெருமையும் தாராளம், தன் யோகத்தைப் பற்றி ஜோசியர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்கிறார். எனக்கு அங்கேதான் அவர் மேல் பிரியம் வந்தது. ஊர் படிக்கும் என்று நினைத்திருந்தால் பாதியை அடித்திருப்பார். நானோ எத்தனை பேர் படித்தார்கள் என்று மணிக்கொரு தரம் பார்த்தவன். அவர்களுக்குப் பிடிக்குமே என்று எழுதிய வருடங்களின் எழுத்துதான் முதலில் செத்தது.

அவர் வீடு ரங்கப்பிள்ளை தெருவில், பெரிய மார்க்கெட் பக்கம், இன்னும் இருக்கிறது. கீழே நம்மூர் மரத்தூண்கள், மாடியில் பிரெஞ்சு பாணி வெள்ளைத் தூண்கள். அவருக்குப் பின்னால் இரண்டாம் வீரா நாயக்கர் என்பவரும் அதே ஊரில் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். கடலோரக் காற்றில் ஏதோ இருந்திருக்கிறது!

பிள்ளையின் ஏடுகள் வெளியே தெரிந்தது 1846-ல், கலுவா மோன்ப்ரன் என்ற பிரெஞ்சுக்காரரால். பிள்ளை இறந்து 85 வருடம் கழித்து. ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக 1904-க்கும் 1928-க்கும் இடையில் வந்து முடிந்தது. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948-ல்! தமிழில் எழுதியதைத் தமிழர்கள் அத்தனை காலம் இங்கிலீஷில் படித்திருக்கிறோம். இடையிடையே சில காலத்துக் குறிப்புகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

திருநெல்வேலிக் கடிதத்துக்குப் பதில் போட்டேன்: கிளாஸ்தான், கடைப் பெயரைக் குறித்துவைக்காமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பால்கணக்கு நோட்டு கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.