எட்டுப் போடப் போறேன் வள்ளி

அன்புள்ள வள்ளி,

ஏட்டி, நான் மோட்டார் சைக்கிள் வாங்கப் போறேன். என் வீட்டுக்காரருக்கு, அதான் நீ அண்ணன்னு கூப்பிடுறவுகளுக்கு இல்லை, எனக்கு. கியர் வச்சது, டேங்க் வச்சது, ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து ஓட்டுறது. இந்த வயசுல இவளுக்கு எதுக்கு இந்தக் கூத்துன்னு நீ உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சிரிக்கதுக்கு முன்னால முழுசாப் படிச்சிரு, நாலு பக்கம் எழுதப் போறேன்.

என் ஸ்கூட்டர் நல்ல வண்டிதான், குறை சொல்ல ஒண்ணும் இல்லை. காய்கறிப் பையைக் காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு, கையில குடையைப் பிடிக்காத குறையா ஊரெல்லாம் சுத்தியிருக்கேன். ஆனா அதை எடுத்துக்கிட்டு மலைக்குப் போக எனக்குத் தைரியம் வரலை. ஏறும், ஏறாம இல்லை. இறங்கும்போதுதான் வயித்தைக் கலக்கும். ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அத்தனையும் இறங்கி வாரதுக்கு ஸ்கூட்டர்ல பிரேக்கைத் தவிர வேற துணை பெருசாக் கிடையாது. பிடிச்சுக்கிட்டே இறங்கினா பிரேக் சூடாகி, கடைசியில பிடிக்கிற மாதிரி இருந்து பிடிக்காமப் போயிரும். எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லயே இறங்குன்னு நம்ம ஊர் லாரிக்காரங்க சொல்லுவாகல்லா, அந்தச் சொல்லுக்கு அதுல இடமே இல்லை. ரெண்டாவது கியர்ல போட்டா எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்தச் சுகம் வேணும் எனக்கு.

சரி, மலைக்கு வருஷத்துக்கு எத்தனை தடவை போவேன்? அதுதான் பெரிய கேள்வி. தினசரி ஓட்டம் என்னன்னா, சாய்பாபா காலனியில இருந்து ஆர்.எஸ்.புரத்துல இருக்கிற ஆடிட்டர் ஆபீஸ் வரைக்கும் மூணு, மூணரை கிலோமீட்டர். அதுக்குள்ள சிக்னல், ஸ்கூல் வேன், அப்புறம் பேக்கரி. இந்த ஊர்ல பேக்கரி இல்லாத முக்கு கிடையாது, ஒவ்வொரு பேக்கரி வாசல்லயும் பாதி ரோடு வரைக்கும் வண்டியை நிறுத்திட்டு நின்னுக்கிட்டே டீ குடிக்காக. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் இந்த இடுக்குல நுழைஞ்சு வாரதுக்கும், ஞாயித்துக்கிழமை ஆனைக்கட்டி, கோத்தகிரின்னு கிளம்புறதுக்கும் ஒரே வண்டி வேணும்னா, அது என்ன வண்டி? இதுதான் வீட்டுல ரொம்ப நாளாப் பேச்சு.

நான் மோட்டார் சைக்கிள்னு வாயைத் திறந்ததும் உங்க அண்ணன், “அப்போ புல்லட்தான்”னுட்டாக. அவுகளுக்கு முதுகுவலி, ஓட்டப் போறது நான், ஆனா வாசல்ல நிக்கப் போறது புல்லட்டா இருக்கணும். எனக்கும் அந்த ஆசை இல்லாம இல்லை வள்ளி, புல்லட்னாலே உங்க அப்பா வண்டி எடுக்கிறதுதான் கண்ணுல நிக்கும். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வாரது வரைக்கும் கிக்கரை மெதுவா அமுக்கி, இடது கையால அந்தச் சின்ன லிவரை இழுத்து, கிக்கரை இன்னும் ஒரு பிடி இறக்கி, லிவரை விட்டு, கிக்கர் மேல வந்ததும் ஒரே மிதி. முள் சரியா நிக்காம மிதிச்சா கிக்கர் திருப்பி அடிச்சுக் கெண்டைக்காலைப் பதம் பார்த்துரும்னு நம்மளைக் கிட்டயே விடமாட்டாக. கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு, எல்லாமே தலைகீழ். இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச வண்டி அது. அங்க அவன் கடையைக் கட்டி எத்தனையோ வருஷம் ஆச்சு, திருவொற்றியூர்க்காரன் விடாம ஓட்டி, இப்ப அங்கேயே ஏத்துமதி பண்ணுதான். இப்ப வாரதுல முள்ளும் இல்லை, கிக்கரும் இல்லை, பொத்தானை அமுக்கினா போதும், கியரும் எல்லா வண்டியும் போல இடது காலுக்கு வந்துட்டு.

போய்ப் பார்த்தோம். எந்த ஷோரூம்னு கேக்காத. உள்ள நுழைஞ்சதுல இருந்து அந்தப் பையன் உங்க அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசுதான். நான் மைலேஜ் கேட்டா அவுகளுக்குப் பதில் சொல்லுதான், நான் டயர் பத்திக் கேட்டா அவுகளுக்குப் பதில் சொல்லுதான், நடுவுல, “பின்சீட் மேடத்துக்கு சவுகரியமா இருக்கும் சார்”னு வேற. அவுக பாவம், நெளிஞ்சுக்கிட்டே, “ஓட்டப் போறது அவதான் தம்பி”ன்னாக. அப்பவும் அவன் சிரிச்சுக்கிட்டே, “டெஸ்ட் டிரைவ் சார் பார்த்துருங்க”ங்கான். நான், “எனக்கு ஓட்டிப் பார்க்க வேண்டாம் தம்பி, தள்ளிப் பார்க்கணும்”னேன். அவனுக்குப் புரியலை.

நம்ம அபார்ட்மெண்ட்டுல வண்டி நிறுத்துற இடம் ரோட்டைவிடத் தாழ்வு. காலையில ரெண்டு காருக்கு நடுவுல இருந்து வண்டியைப் பின்னால இழுத்து, திருப்பி, சரிவுல ஏத்தித்தான் வெளியே வரணும். ஓட்டுறது என்ன பெரிய வித்தை, சக்கரம் உருள ஆரம்பிச்சா எல்லா வண்டியும் லேசுதான். நிக்கிற வண்டியை நகர்த்துறதுலதான் எனக்குச் சோதனை. அதனால ஷோரூம்லயே ஒரு கையை ஹேண்டில்பார்ல வச்சு, இன்னொரு கையால பின்சீட் பிடியைப் பிடிச்சு, இடுப்பை டேங்க்கோட ஒட்டிச் சாய்ச்சு இழுத்தேன். தரை சமமா இருக்கிற வரைக்கும் வந்துச்சு. வாசல்ல மழைத்தண்ணி வடியட்டும்னு லேசாச் சரிவு விட்டிருக்கான் பாரு, அந்த நாலு விரக்கடை ஏத்தத்துல அப்படியே நின்னுக்கிட்டு என்னைப் பார்க்குது. கிளாசிக் 350, எடை 195 கிலோ. நம்ம வீட்டுல வாங்குற 25 கிலோ அரிசிச் சிப்பம் எட்டைச் சேர்த்துக் கட்டிச் சக்கரம் வச்சாப்புல. தினம் காலையில சேலையோட அதை இழுக்க என்னால ஆகாது. வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி ஓட்டுற வண்டி எதுக்கு?

அதுக்குப் பிறகு நான் எல்லா வண்டிக்கும் ரெண்டே கணக்குதான் கேட்டேன், எடை எவ்வளவு, சீட் உயரம் எவ்வளவு. நான் ஐஞ்சடி ரெண்டங்குலம், உனக்குத் தெரியும். அவெஞ்சர் சீட் 737 மில்லிமீட்டர், ரெண்டு பாதமும் தரையில அப்பிக்கும், எடையும் 163-தான். உட்கார்ந்ததும் மனசு விழுந்துட்டு. ஆனா நீளமான வண்டி, கையையும் காலையும் முன்னால நீட்டிக்கிட்டு சாய்வு நாற்காலி கணக்கா உட்காரணும், நம்ம தெரு முக்குல திருப்பணும்னா ஒரு தடவை பின்னால வந்துதான் திருப்பணும். மீட்டியோர் 765, கால் நல்லா எட்டுது, எடை 191, மறுபடியும் அரிசிச் சிப்பம். ஸ்பிளெண்டர் 112 கிலோதான், தங்கமான வண்டி, பெட்ரோல் போட்டதே மறந்துபோகும். எதிர்வீட்டுக்காரர் அதைத்தான் வாங்கச் சொன்னார், ஆபீசுக்கு மட்டும்னா மறு பேச்சே கிடையாது. பின்னால ஆளை வச்சுக்கிட்டு மலை ஏறினா முதல் கியருக்கும் ரெண்டாவது கியருக்கும் கால் மாறிக்கிட்டே இருக்கணும், அது ஒண்ணுதான். மேல் வீட்டுப் பையன் மட்டும், “ஆண்ட்டி, பழைய ஆர்எக்ஸ் 100 கிடைச்சா விடாதீங்க”ங்கான். 1996-ல நிப்பாட்டின வண்டி, அவன் பிறக்கவே இல்லை அப்போ, அதுக்கு இப்ப சொல்லுற விலையைக் கேட்டா நகைக்கடைக்குப் போயிரலாம்.

கடைசியில ஓசூர்க்காரன் வண்டியில வந்து நின்னேன். டிவிஎஸ் ரோனின். 225 சிசி, 160 கிலோ, சீட் 795. அந்த கிளாசிக்குக்கும் இதுக்கும் குதிரைத்திறன் ஏறக்குறைய ஒண்ணுதான், ரெண்டும் 20 பக்கம். இழுவையிலதான் வித்தியாசம், அது 27 நியூட்டன் மீட்டர், இது 20-க்கு ஒரு நூல் குறைச்சல், அதனால பாரம் இருந்தா இதுல ஒரு கியர் கூடுதலா இறக்கணும். இறக்கிட்டுப் போறேன், என்ன இப்போ? சரிவுல இழுத்துப் பார்த்தேன், மூச்சு வாங்குச்சு, ஆனா வந்துட்டு. கால் முழுசா ஊணாது, முன்பாதம்தான் எட்டுது. அதுக்குக் கவலைப்பட்டுக்கிட்டு நின்னப்போ தடாகம் ரோட்டு மெக்கானிக் அண்ணன்தான், “ரெண்டு காலும் எதுக்கு ஊணணும் அம்மணி, இடது காலை ஊணுங்க, வலது கால் பிரேக் மேல இருக்கட்டும், சிக்னல்ல நிக்கறது அப்படித்தானுங்க”ன்னார். சீட்டோட உயரத்தை மட்டும் பார்க்கக் கூடாதாம், முன்பக்கம் அகலமா இருந்தா தொடை விரிஞ்சு பாதி உயரத்தை அதுவே தின்னுருமாம். உட்கார்ந்து பார்க்காம இதெல்லாம் எப்படித் தெரியும்?

அந்த அண்ணன் சொன்ன இன்னொரு விஷயத்தை நீயும் கேட்டுக்கோ, உன் வீட்டுக்காரர் கடைக்கும் வீட்டுக்கும்தானே வண்டி ஓட்டுதாக. யாரோ விட்டுட்டுப் போன ஒரு வண்டியோட ஆயில் மூடியைத் திறந்து காட்டினார், உள்பக்கம் வெள்ளையா நுரை அப்பியிருக்கு. பெட்ரோல் எரியும்போது தண்ணி ஆவியும் வருமாம், எஞ்சின் குளுந்துபோய் இருந்தா அது உள்ளேயே படிஞ்சு ஆயிலோட கலந்துருமாம். ஒரு கால்மணி, இருபது நிமிஷம் தொடர்ந்து ஓடினாத்தான் ஆயில் காய்ஞ்சு அந்த ஈரமெல்லாம் போகும். மூணு கிலோமீட்டர் போய் ஆஃப் பண்ணி, சாயந்திரம் மூணு கிலோமீட்டர் வந்து ஆஃப் பண்ணினா அதுக்கு வழியே இல்லை. சைலன்சர் உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்கும், ஸ்டார்ட் பண்ணச் செலவான கரண்டைத் திரும்ப ஏத்த பேட்டரிக்கும் நேரம் பத்தாது. கிலோமீட்டர் ஏறலையேன்னு ஆயில் மாத்தாம இருக்கக் கூடாதாம், மாசக் கணக்கு வச்சு மாத்தணுமாம். “அப்போ வாரத்துக்கு ஒரு தடவை தூரமா ஓட்டிட்டு வந்தா?”ன்னு கேட்டேன். “ரொம்ப நல்லதுங்க”ன்னார். எனக்கு வேற என்ன வேணும்? வீட்டுக்கு வந்ததும் உங்க அண்ணன்கிட்ட, ஞாயித்துக்கிழமை நான் மலைக்குப் போறது ஊர் சுத்துறதுக்கு இல்லை, எஞ்சினுக்கு வைத்தியம்னு சொல்லிட்டேன். அவுக பேப்பரை இறக்காமலே, “நல்ல வைத்தியம்”னாக.

விலை கொஞ்சம் குறைஞ்சிருக்கு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆயிட்டு, அதுக்கு மேல போனா 40. ஆன்ரோடு விலைன்னு ஷோரூம்காரன் ஒரு தாள் நீட்டுவான், அதுல ஒவ்வொரு வரியையும் விரல் வச்சுக் கேக்கணும் வள்ளி. அஞ்சு வருஷ மூணாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், அது சரி, மத்த இன்சூரன்ஸ் நமக்குப் பிடிச்ச இடத்துல எடுத்துக்கலாம், அதை அவன் வாயால சொல்லமாட்டான். ரெண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ளதாப் பார்த்துக் கேட்டிருக்கேன், அதுக்குக் கூடக் கொடுக்கலாம், வால்பாறை ரோடு நனைஞ்சு கிடக்கும்போது தெரியும் அதோட அருமை. சீட் கவர், பளபளக்கிற கம்பி எல்லாம் வேண்டாம்னு அடிச்சுட்டேன். சாரி கார்டுக்கும் தனிக் காசு போட்டிருந்தான். பின்சக்கரத்துல பாதியையாவது மூடித்தான் வண்டி வரணும்னு சட்டமே இருக்கு தம்பின்னதும், “பண்ணிரலாம் மேடம்”னான். இந்த ஷோரூம் பையனும் அன்னைக்குத்தான் முதல் தடவையா என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

சாரி கார்டு யாருக்குன்னு நினைக்க? அத்தைக்கு, என் மாமியாருக்கு. அத்தை ஏசுவாகன்னு பயந்துக்கிட்டுத்தான் கடைசியில சொன்னேன். அவுக ஒரே ஒரு கேள்விதான் கேட்டாக, “நான் எங்க உக்காருறது?” மருதமலைக்குப் போக ஆட்டோக்காரன் கேக்குற காசுல அவுகளுக்கு அவ்வளவு ஆத்திரம். ஒரு பக்கமா உட்கார்ந்தா வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், திருப்பத்துல எனக்குச் சங்கடம்னு சொல்லிப் பார்த்தேன். சுடிதார் தச்சுத் தா, ரெண்டு பக்கமும் கால் போடுதேங்காக. எழுபது வயசுல. இதை நான் இன்னும் உங்க அண்ணன்கிட்ட சொல்லலை, நீயும் போன் பண்ணி உளறிராத.

இப்ப ஒரே தடை லைசென்ஸ்தான். என்கிட்ட இருக்கிறது கியர் இல்லாத வண்டிக்கு. கியர் வண்டிக்கு மறுபடி எல்எல்ஆர் போட்டு, 30 நாள் காத்திருந்து, எட்டுப் போட்டுக் காட்டணும், காலைத் தரையில வைக்கக் கூடாது. எதிர்வீட்டுக்காரர் ஸ்பிளெண்டரை வாங்கி ஆபீசுக்குப் பின்னால காலி மனையில பழகுதேன். முதல் கியர், பாதி கிளச், பின்பிரேக்கை லேசாத் தொட்டுக்கிட்டே போகணும், கண்ணு முன்சக்கரத்துல இருக்கக் கூடாது, அடுத்த வளைவைப் பார்க்கணும், சக்கரத்தைப் பார்த்தா அங்கேயே சாய்ச்சிரும். சாயந்திரமானா அந்த மனை மதில்மேல நாலு பொடியனுங்க வரிசையா உட்கார்ந்து, கால் பட்டா “அவுட்”டுங்கானுங்க.

தை பிறந்ததும் வண்டி வரும். ஹெல்மெட் ரெண்டு இப்பவே வாங்கியாச்சு, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்துத்தான். எனக்குச் சரியா இருக்கு. அத்தைக்குத்தான் கொண்டை இடிக்குது, எந்த அளவு போட்டாலும் தலையில இறங்க மாட்டேங்குது, கொண்டையைக் கழுத்துக்கிட்ட இறக்கிப் போடுங்கன்னா, கல்யாணமான நாள்ல இருந்து இதே இடம்தான்னு சண்டைக்கு வாராக. உங்க அம்மா உன் தம்பி வண்டியில கடையம் வரைக்கும் போய் வாராகல்லா, அவுகளுக்கும் பெரிய கொண்டைதானே, எப்படிச் சமாளிக்காகன்னு கேட்டு மறக்காம எழுது.

அன்புடன்,
உன் மீனா