வாக்குமூலத்தின் மொழி

ரிசானா நபீக் என்ற இலங்கைப் பெண்ணுக்குச் சவூதி அரேபியாவில் 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. செய்தி வந்தபோது எங்கள் தமிழ்த்துறை அறையில் பேச்செல்லாம் அதைப் பற்றியே. இஸ்லாமியச் சட்டம் இரக்கமற்றது என்று நாங்கள் ஒரே மூச்சில் தீர்ப்பு எழுதிவிட்டோம். அரபித்துறை நண்பர் ஒருவர் மட்டும், "அந்தச் சட்டத்தைப் படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நாங்கள் படித்திருக்கவில்லை.

கிஸாஸ் பற்றி அவர் வழியாகவே அறிந்தோம். உயிருக்கு உயிர் என்பது அதன் ஒரு முகம் மட்டுமே. கொல்லப்பட்டவரின் வாரிசுகள் பழிவாங்கலைக் கோரலாம். 'தியத்' எனும் இழப்பீட்டை ஏற்கலாம். ஒன்றும் பெறாமல் மன்னிக்கவும் செய்யலாம். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 178ஆம் வசனம் தண்டனையைச் சொல்லுமிடத்திலேயே மன்னிப்பையும் சொல்கிறது. அவ்வுரிமை அரசனுடையதன்று, இழந்தவருடையது. 2014இல் ஈரானில், கழுத்தில் சுருக்கு மாட்டப்பட்டு நின்ற இளைஞனை, அவனால் மகனை இழந்த தாய் கன்னத்தில் ஒருமுறை அறைந்து மன்னித்தது இவ்வுரிமையினால்தான்.

ரிசானாவுக்கு அது கிட்டவில்லை. மூதூரைச் சேர்ந்த அவர் 2005இல் பணிப்பெண்ணாகச் சென்றார். கடவுச்சீட்டின்படி வயது 23. பிறப்புச் சான்றிதழின்படி 17. அவர் பொறுப்பிலிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புகட்டுகையில் மூச்சுத் திணறியது என்றார் அவர். கழுத்தை நெரித்தார் என்றது வழக்கு. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. முதலில் அளித்த வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். அவர் தமிழில் சொன்னதை அரபியாக்கியவர் அதற்குரிய தகுதி பெற்றவரா என்ற ஐயத்தை மனித உரிமை அமைப்புகள் எழுப்பின.

பிள்ளையை இழந்த குடும்பத்திடம் 'ஏன் மன்னிக்கவில்லை' என்று கேட்க எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் ஐயமிருப்பின் தண்டனையைத் தவிர்க்க என்பதும் அதே சட்ட மரபின் பழைய நெறி என்றார் நண்பர். ஒரு பெண்ணின் வயதிலும் சொல்லிலும் எழுந்த ஐயத்தைத் தீர்க்காமல், மன்னிப்பின் சுமை முழுவதையும் அக்குடும்பத்தின் தோளில் ஏற்றியது எவ்வகை நீதி?

மொழிபெயர்ப்புத் தாள் திருத்தும்போது ஒரு சொல் பிழையானால் நாங்கள் அரை மதிப்பெண் குறைப்பது வழக்கம். இப்போதும் அப்படித்தான் குறைக்கிறோம். ஆனால் அந்த இடத்தில் பேனா சற்று நின்றுவிடுகிறது.