ஞாயிற்றுக்கிழமை மாவு

தோசை சுடுவது எப்படின்னு இங்க எழுதப் போறதில்லை. அது உங்க வீட்லயே தெரியும். மாவைப் பத்தித்தான் இந்தப் பதிவு. இன்னும் சரியாச் சொன்னா, மாவாட்ட யாருக்கு நேரம் இருக்குங்கறதப் பத்தி.

எங்க ஊர் மங்கலம், திருப்பூர் பக்கம். ஒரு தெருவுல தறிச் சத்தம், அடுத்த தெருவுல பனியன் கம்பெனி வேன். அம்மா ஒரு கம்பெனில செக்கிங். காலைல எட்டரைக்கு உள்ள போனா, ஆர்டர் அவசரம்னா ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய வருவாங்க. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. அந்த லீவுல பாதி உளுந்துக்கே போயிடும்.

அம்மிச்சி காலத்துல இந்தப் பிரச்சினையே இல்லையாம். தீபாவளி, பொங்கல்னாதான் தோசை. மத்த நாளெல்லாம் கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி. ஆட்டாங்கல்லுல கையால சுத்தி மாவாட்டணும்னா தினமும் யாரால முடியும்? 1955-ல கோயமுத்தூர்ல பி. சபாபதிங்கறவர் கிரைண்டரை உருவாக்கின பிறகுதான் கதை மாற ஆரம்பிச்சுது. கோவை வெட் கிரைண்டருக்கு இப்ப புவிசார் குறியீடே இருக்கு. எங்க வீட்ல ஓடறது 2011-ல ஜெயலலிதா ஆட்சியில தொடங்கின விலையில்லாத் திட்டத்துல வந்தது. வந்த புதுசுல, 2012-ல, கரண்ட் எப்ப இருக்கோ அப்பத்தான் மாவு. நடுராத்திரி கரண்ட் வந்ததும் அம்மா எந்திரிச்சு ஆட்டுனது எனக்கு ஞாபகம் இருக்கு. நான் அப்ப ஒண்ணாவது.

இந்த வருஷம் அந்த வேலையை நான் எடுத்துக்கிட்டேன். "படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு கண்ணு?"ன்னாங்க. "நீங்க தூங்குங்க"ன்னேன்.

எங்க வீட்டுக் கணக்கு இட்லி அரிசி நாலு டம்ளர், முழு உளுந்து ஒண்ணு, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி நாலு மணி நேரம் ஊறணும், உளுந்துக்கு ஒண்ணரை போதும். சூட்சுமம் உளுந்துலதான். தண்ணியை மொத்தமா ஊத்தாம கொஞ்சங் கொஞ்சமாத் தெளிக்கணும். நல்லாக் குளுந்த தண்ணியா இருந்தா மாவு சூடாகாது. அரை மணி நேரத்துல பஞ்சு மாதிரி பொங்கி வரும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டா மிதக்கணும். மூழ்குச்சுன்னா இன்னும் ஓடட்டும். அப்புறம் அரிசி, கொஞ்சம் நறநறன்னு.

கடைசியா உப்புப் போட்டுக் கையால கரைக்கணும். "கைராசி"ன்னு அம்மா சொல்லுவாங்க. ஆனா புளிக்க வைக்கிற பாக்டீரியா உளுந்துலயும் அரிசியிலயுமே இருக்குன்னு ஆராய்ச்சி சொல்லுது. லூக்கோனாஸ்டாக்னு ஒரு வகை, அதுதான் கார்பன் டை ஆக்சைடை விட்டு மாவை உப்ப வைக்குது. உளுந்தோட புரதமும் கொழகொழப்பும் அந்தக் காத்தை வெளிய விடாமப் புடிச்சு வெச்சுக்குது. உளுந்து சரியா அரையலைன்னா எவ்வளவு நேரம் வெச்சாலும் பிரயோஜனமில்லை. சித்திரை வெயில்ல ஆறு மணி நேரத்துல போசி பொங்கி வழியும். மார்கழில பன்னெண்டு மணி நேரம் ஆனாலும் சும்மா உக்காந்திருக்கும். அம்மா கிட்ட இதைச் சொன்னேன். "அப்ப உளுந்தராசின்னு சொல்லிக்கோ"ன்னுட்டாங்க :-)

திங்கள், செவ்வாய் இட்லி. புதன், வியாழன் தோசை. வெள்ளிக்கிழமை புளிப்பு ஏறுன மிச்சத்துல வெங்காயம், பச்சமிளகாய் போட்டுப் பணியாரம். ஒரு ஆட்டுல ஒரு வாரம் ஓடிடும்.

பாக்கெட் மாவு தெருமுனைக் கடையிலயே கிடைக்குது. அதைத் திட்டற கூட்டத்துல நான் இல்லை. வேன்ல இருந்து இறங்குன கையோட ஒரு பாக்கெட் வாங்கிட்டுப் போற அக்காங்களைத் தினமும் பாக்கறேன். வீட்டு மாவு ருசிதான், எனக்கும் அதுதான் புடிக்கும். ஆனா "பாக்கெட் மாவெல்லாம் மனுசன் திம்பானா"ன்னு கேக்கறவங்க யாரும் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுன மாதிரி தெரியலை. எங்கப்பாவும் அந்தக் கட்சிதான்.

போன வாரம் அவர்கிட்டயே நேராக் கேட்டுட்டேன். பேப்பரை மடிச்சு வெச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சார். அடுத்த ஞாயிறு உளுந்து கழுவித் தர்றதுக்கு ஒத்துக்கிட்டிருக்கார். கல்லு கழுவறது பத்திப் பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு.